மொரெல்லோ குடும்பம்: கொர்லெயோனேயிலிருந்து நியூயோர்க் வரை

அமெரிக்காவின் பெருநகரங்களில் மாபியா என்னும் இரகசியக் கூட்டம் வேரூன்றிய கதையைச் சொல்வோர், அதனை ஒரு படையெடுப்பைப் போலவே சொல்வது வழக்கம். சிசிலித் தீவிலே ஓர் இருண்ட மாளிகையில் மூப்பர் சிலர் கூடியிருந்து, இன்னவன் நியூயோர்க்குக்குச் செல்க, இன்னவன் சிக்காகோவுக்குச் செல்க என்று கட்டளையிட்டுத் தம் ஆட்களைக் கப்பலேற்றினர் என்பது அக்கதையின் சாரம். பத்திரிகைகளும் திரைப்படங்களும் இக்கதையை மிக விரும்பின. ஆனால், நீதிமன்றப் பதிவுகளையும் பொலிஸ் அறிக்கைகளையும் கப்பற் பிரயாணிகளின் பட்டியல்களையும் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. முதலிற் சென்றவன் தளபதியாகச் செல்லவில்லை. சட்டத்துக்கு அஞ்சி ஓடியவனாகவே சென்றான். அவன் பின்னே சென்றதும் ஒரு படையன்று. தாயும், தாயின் இரண்டாம் கணவனும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அடங்கிய ஒரு குடும்பமே அது. அக்குடும்பத்தின் வரலாறு நியூயோர்க் மாபியாவின் முதல் நாற்பது ஆண்டு வரலாறும் ஆகும்.

சிசிலியின் மேற்குப் பகுதியில், பலேர்மோ நகருக்குத் தெற்கே மலைகளின் நடுவில் கொர்லெயோனே என்னும் ஊர் இருக்கின்றது. கோதுமை விளையும் பூமி அது. 1812ஆம் ஆண்டிலே சிசிலியில் நிலப்பிரபுத்துவம் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் நிலம் பிரபுக்களிடமே தங்கிவிட்டது. பிரபுக்களோ பலேர்மோவில் வசித்தனர். அவர்களுடைய நிலங்களைக் குத்தகைக்காரர் எடுத்து, சிறு சிறு துண்டுகளாக்கி உழவருக்குக் கொடுத்தனர். குத்தகைக்காரருக்கு ஆயுதந்தாங்கிய காவலர் தேவைப்பட்டனர். உழவர் வாய்திறவாதிருக்க அச்சமும் தேவைப்பட்டது. 1860இல் கரிபால்டியின் படை சிசிலியை இத்தாலியோடு இணைத்தபின், புதிய அரசாங்கம் அவ்வூராருக்கு வரி கேட்பதாகவும், பிள்ளைகளைக் கட்டாய இராணுவ சேவைக்குப் பிடித்துச் செல்வதாகவும் வந்து சேர்ந்ததே தவிர, நியாயம் வழங்குவதாக வரவில்லை. களவு போன மாட்டை மீட்பதற்குப் பொலிசாரிடம் செல்பவன் மாட்டையும் இழந்தான், மானத்தையும் இழந்தான். மாட்டைத் திருடியவனுக்கு வேண்டிய ஒருவனிடம் சென்றால், ஒரு தொகையைக் கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்ளலாம்.

மாபியா முளைத்தது இந்த வெற்றிடத்திலேயாகும். அது விற்ற பண்டம் பாதுகாப்பு. அப்பாதுகாப்பை வாங்க மறுப்பவனுக்கு ஆபத்தை உண்டாக்குவதும் அதுவே. அந்த வியாபாரம் நிலைப்பதற்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது: கண்டவன் கண்டதைச் சொல்லலாகாது. 'ஒமெர்த்தா' என்று சிசிலியர் அழைத்த இம்மௌன விரதத்தை ஏதோ வீரப்பண்பு போலப் போற்றி எழுதியோரும் உளர். அவர்கள் கொர்லெயோனேயில் 1889ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அறிந்திருந்தால், அவ்வாறு எழுதியிருக்கமாட்டார்கள்.

அவ்வாண்டின் இறுதியில் ஜியோவான்னி வெல்லா என்பவர் இரவில் வீடு திரும்பும் வழியிற் சுடப்பட்டார். அவர் அவ்வூர் வயற்காவலரின் தலைவர். மாடு திருடும் கூட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தவர். சுட்டவன் ஜுசெப்பே மொரெல்லோ என்னும் இளைஞன் என்று ஐயுறப்பட்டது. 1867இற் பிறந்த அவனுக்கு வலக்கை பிறவியிலேயே ஊனமுற்றது. அக்கையிற் சிறுவிரல் ஒன்று மாத்திரம் வளைந்து நின்றது. சிறுவயதிலே தந்தையை இழந்தவன். தாய் மறுமணம் செய்துகொண்ட பெர்னார்தோ தெரனோவா என்பவன் மாபியாவைச் சேர்ந்தவன் எனக் கருதப்பட்டவன். கொலை நடந்த இரவு மொரெல்லோ அந்த ஒழுங்கையில் நின்றதை அன்னா தி பூமா என்னும் பெண் கண்டிருந்தாள். கண்டதை அயலாரிடம் சொல்லியும்விட்டாள். சில நாட்களில் அவளும் சுட்டுக் கொல்லப்பட்டாள். சாட்சி போயிற்று, வழக்கும் போயிற்று.

மொரெல்லோ ஊரை விட்டு ஓடியதற்கு உடனடிக் காரணம் கொலையன்று, கள்ளநோட்டு. 1892ஆம் ஆண்டளவில் அவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். அவன் இல்லாதபோதே, 1894இல், இத்தாலிய நீதிமன்றம் அவனுக்கு ஆறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அதற்கிடையில், 1893இலே, தாயும் தெரனோவாவும் பிள்ளைகளும் நியூயோர்க் வந்து சேர்ந்திருந்தனர். சேர்ந்த இடத்தில் வேலையில்லை. அவ்வாண்டு அமெரிக்காவைப் பெரும் பொருளாதார நெருக்கடி பற்றியிருந்தது. ஆகவே, குடும்பம் தெற்கே லூயிசியானா மாநிலத்துக்குச் சென்று கரும்புத் தோட்டத்தில் உழைத்தது. பின்னர் டெக்சாசுக்குச் சென்று பருத்தி பயிரிட்டது. மலேரியாக் காய்ச்சலால் வருந்தி, நான்கு ஆண்டளவில் மீண்டும் நியூயோர்க்குக்கே திரும்பியது. இரகசியக் கட்டளை பெற்று நகரங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று சொல்லப்பட்டோர் ஆண்டுக்கணக்கிற் பருத்தி பறித்தனர் என்னும் இச்செய்தி ஒன்றே முன்சொன்ன கதையை ஐயுறுவதற்குப் போதுமானது.

அவர்கள் சென்ற லூயிசியானாவிலே இத்தாலியர் நிலை அப்போது நல்லதாக இருக்கவில்லை. 1890 ஒக்டோபரில் நியூ ஓர்லியன்ஸ் நகரப் பொலிஸ் தலைவர் டேவிட் ஹெனெசி சுடப்பட்டு இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட இத்தாலியரிற் சிலரை யூரிமார் குற்றவாளிகளல்லர் எனக் கண்டனர். மறுநாள், 1891 மார்ச் 14ஆம் திகதி, நகரப் பிரமுகர் தலைமையிற் பெருங்கூட்டம் ஒன்று சிறையை உடைத்துப் புகுந்து, இத்தாலியர் 11 பேரைக் கொன்றது. ஹெனெசியைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஆனால், மாபியா என்னும் சொல் அமெரிக்க மக்களிடையே பரவியது இந்நிகழ்ச்சியாலேயே. அன்றுமுதல் சிசிலியன் என்றாலே கொலைகாரன் என்று எண்ணும் பழக்கமும் பரவியது. அதனால் நன்மை பெற்றவர்கள் மொரெல்லோ போன்றவர்களே. தன்னைக் கள்வனாக நோக்கும் பொலிசாரிடம், தன்னைக் கொள்ளையிட்ட கள்வனைப் பற்றி முறையிட எவன் செல்வான்?

1880ஆம் ஆண்டுக்கும் 1920ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். 1910ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் மாத்திரம் அவர்கள் தொகை, அங்கே பிறந்த பிள்ளைகளோடு சேர்த்து, ஐந்து லட்சத்தைக் கடந்திருந்தது. எலிசபெத் வீதியின் மாடிக் குடியிருப்புக்களில் சிசிலியர் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே ஊரார் ஒரே வீதியிலும், சில வேளைகளில் ஒரே கட்டிடத்திலும் குடியிருந்தனர். நகரின் வடபாலுள்ள கிழக்கு ஹார்லெம் இன்னோர் இத்தாலிய ஊராக வளர்ந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. பொலிசாருள் இத்தாலிய மொழி அறிந்தவர் மிகச் சிலர். பனிக்கட்டியும் நிலக்கரியும் காய்கறியும் ஒலிவ எண்ணெயும் தம்மவரிடமே வாங்கினர். தம்மவரிடமே கடன் பெற்றனர். கொர்லெயோனேயில் இருந்த வெற்றிடம் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலும் அப்படியே இருந்தது. நிலமும் மாடும் மாத்திரம் இல்லை.

மொரெல்லோ முதலில் நேரிய தொழில்கள் சிலவற்றிற் கைவைத்துத் தோற்றான். பின்னர், தனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினான். 1900ஆம் ஆண்டிற் கள்ளநோட்டு வழக்கிற் பிடிபட்டான். சான்று போதாமையால் விடுதலையானான். அக்காலத்தில் அவனோடு வந்து சேர்ந்தவன் இக்னாசியோ லூப்போ. பலேர்மோவிற் கடைக்காரனாயிருந்து, 1898இல் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவன் இவன். மொட் வீதியில் இவன் நடத்திய மளிகைக் கடை அயலாரெல்லாம் வியக்கத்தக்க கடையாக விளங்கியது. 1903இலே மொரெல்லோவின் தாய்வழித் தங்கையை மணந்து குடும்பத்துள் ஒருவனானான். தெரனோவா சகோதரர்களான வின்சென்சோ, சீரோ, நிக்கோலோ ஆகிய மூவரும் வளர்ந்து வந்தனர். கூட்டத்தின் கரு இவ்வாறு உருவாயிற்று. வெளியாளைச் சேர்த்தால் அவன் காட்டிக்கொடுப்பான். மைத்துனனைச் சேர்த்தால் அவன் காட்டிக்கொடுக்கமாட்டான் என்பதே இவர்கள் கணக்கு.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடவேண்டும். அந்நாட்களில் இத்தாலியக் கடைக்காரர்களுக்கும் வைத்தியர்களுக்கும் பணங்கேட்டு மிரட்டும் கடிதங்கள் வந்தன. அவற்றிலே கறுப்பு மையினாற் கை வடிவம் வரையப்பட்டிருந்தது. பணம் கொடாதவரின் கடைவாயிலில் வெடிகுண்டு வெடித்தது. பெரும் பாடகரான என்றிக்கோ கருசோவுக்கும் இத்தகைய கடிதம் வந்ததுண்டு. பத்திரிகைகள் இதனைக் 'கறுப்புக் கை' என்னும் மாபெருஞ் சங்கத்தின் வேலை என்று எழுதின. அப்படி ஒரு சங்கம் இருந்ததில்லை. கடதாசியும் பேனாவும் கைவசமுள்ள எந்தப் போக்கிரியும் அக்கையை வரையலாம். மொரெல்லோ குடும்பம் இவ்வாறான சில்லறைப் போக்கிரிகளின் கூட்டமன்று. அதற்குத் தலைவன் இருந்தான், முறையிருந்தது, உறுப்பினரைச் சேர்ப்பதற்கு ஒழுங்கும் இருந்தது.

1903 ஏப்பிரில் 14ஆம் திகதி காலையில், மன்ஹட்டனின் கிழக்குப் பதினோராம் வீதியில் நடந்து சென்ற ஒரு பெண் பாதையோரத்தில் ஒரு பீப்பாயைக் கண்டாள். அதனுள்ளே, மரத்தூளின் மேல், கழுத்து அறுபட்ட ஓர் ஆணின் பிரேதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இறந்தவன் யார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஆயினும், அம்மனிதனை முதல்நாள் இரவு உயிரோடு கண்டவர்கள் இருந்தனர். அமெரிக்க நிதி அமைச்சின் இரகசியச் சேவைப் பகுதி உத்தியோகத்தர், வில்லியம் ஃபிளின் என்பவரின் தலைமையில், கள்ளநோட்டுக்காக மொரெல்லோவின் கூட்டத்தை நெடுநாளாகக் கவனித்து வந்தனர். அக்கூட்டத்தார் நடமாடிய இறைச்சிக் கடையில் அவனை அவர்கள் பார்த்திருந்தனர். பீப்பாயின் அடியிற் பொறித்திருந்த அடையாளத்தைத் தொடர்ந்து சென்றபோது, அது சீனி அனுப்பப்பட்ட பீப்பாய் என்பதும், கூட்டத்தைச் சேர்ந்த ஒருவனின் சிற்றுண்டிச் சாலைக்கு விற்கப்பட்டது என்பதும் வெளியாயின.

இறந்தவனின் பெயரைக் கண்டுபிடித்தவர் ஜோசப் பெத்ரோசினோ என்னும் துப்பறியும் உத்தியோகத்தர். அவர் சிங்சிங் சிறைக்குச் சென்று, கள்ளநோட்டு மாற்றியதற்காக அங்கே அடைபட்டிருந்த ஒரு சிசிலியனிடம் புகைப்படத்தைக் காட்டினார். கைதி தன் மைத்துனனை அடையாளங் கண்டான். பபலோ நகரில் வாழ்ந்த பெனெதெத்தோ மதோனியா என்பவனே அவன். சிறைப்பட்ட மைத்துனனுக்குக் கூட்டம் உதவி செய்யவில்லை என்று கேட்க வந்தவன் பிணமானான். தொம்மாசோ பெத்தோ என்னும் முரடன் கைதானபோது அவனுடைய சட்டைப்பையில் ஓர் அடகுச் சீட்டு இருந்தது. அச்சீட்டுக்குரிய பொருள் மதோனியாவின் கைக்கடிகாரமன்று, சங்கிலிக் கடிகாரம், விலை சொற்பம். இவ்வளவு சான்று கிடைத்தும், ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. விசாரணை மன்றத்தில் நின்ற சாட்சிகள், தம்மை நோக்கியிருந்த முகங்களைக் கண்டதும் தாம் அறிந்ததை அறியோம் என்றனர். அன்னா தி பூமாவின் கதையைக் கொர்லெயோனேயார் அனைவரும் அறிவர்.

கொலையை விடவும் இக்குடும்பத்தின் தன்மையைத் தெளிவாகக் காட்டுவது இன்னொரு முயற்சியாகும். 1902ஆம் ஆண்டின் முடிவில், கொர்லெயோனே ஊராருக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் நியூயோர்க்கிற் பதிவுசெய்யப்பட்டது. சிசிலியின் புகழ்பெற்ற வணிகரான இக்னாசியோ ஃபுளோரியோவின் பெயர் அதற்கு இடப்பட்டது. நிலத்தை வாங்கி, குடியிருப்பு மாடிகளைக் கட்டி விற்பது அதன் நோக்கம். மொரெல்லோ அதன் தனாதிகாரி. கூலிவேலை செய்து மிச்சம் பிடித்தவர்கள் அதன் பங்குகளை வாங்கினர். தொடக்கத்திலே அது உண்மையாகவே கட்டிடங்கள் கட்டியது. ஊராரிடையே மொரெல்லோவுக்குப் பெருமதிப்பையும் தேடித்தந்தது. அவனுக்கு அஞ்சியவர்கள் அவனை நம்பியும் இருந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. அவன் பலமே அதுதான். 1907ஆம் ஆண்டின் பண நெருக்கடியில் கட்டிட வியாபாரம் சரிந்தது, சங்கமும் சரிந்தது. பங்கு வாங்கிய ஏழைகளின் பணம் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு லூப்போவும் பெருங்கடனை விட்டுவிட்டுத் தலைமறைவானான். அதன் பின்னர், அவர்கள் கள்ளநோட்டு அச்சுக்கே மீண்டனர்.

பெத்ரோசினோவும் குடியேறியவரே. தென்னித்தாலியில் பதூலா என்னும் ஊரில் 1860இற் பிறந்து, சிறுவனாக நியூயோர்க் வந்து, சப்பாத்துத் துடைத்தும் வீதி பெருக்கியும் வளர்ந்தவர். 1883இற் பொலிசிற் சேர்ந்தார். குள்ளமான, பருத்த உருவம். இத்தாலிய மொழியின் பல வழக்குகளையும் அறிந்தவர். குற்றவாளிகளுக்கு எதிராக இத்தாலியர் சாட்சி சொல்லமாட்டார் என்று மேலதிகாரிகள் கைவிரித்தபோது, அவர்கள் மொழி பேசும் பொலிசாரை ஏன் அனுப்பிப் பார்க்கவில்லை என்று கேட்டவர் அவர். அவருடைய தலைமையில் இத்தாலியப் பிரிவு ஒன்று அமைந்தது. முதலில் அதிலே சிலரே இருந்தனர். பொலிஸ் நிலையத்தில் உள்ள அயர்லாந்து வழிவந்தோர் அவரை வேற்றானாகப் பார்த்தனர். வீதியில் உள்ள இத்தாலியரிற் சிலர் அவரைத் துரோகியாகப் பார்த்தனர்.

இத்தாலியிலே முன்னர் தண்டனை பெற்றவன் என்று நிரூபிக்கப்பட்டால், வந்து மூன்றாண்டு நிறையாத ஒருவனை நாடுகடத்தலாம் என்று சட்டம் அப்போது இடந்தந்தது. அந்நிரூபணம் இத்தாலிய நீதிமன்றங்களின் அலுமாரிகளில் இருந்தது. அதனைத் திரட்டுவதற்காகப் பெத்ரோசினோ 1909 பெப்ருவரியில் வேறு பெயரிற் கப்பலேறினார். வீட்டிலே மனைவியும், பிறந்து சில மாதமான மகளும் இருந்தனர். அவர் சென்று சேர்வதற்குள், அவருடைய மேலதிகாரியான பொலிஸ் ஆணையாளர் பிங்ஹாம் இப்பயணத்தைப் பற்றிப் பத்திரிகைக்காரரிடம் கூறிவிட்டார். செய்தி நியூயோர்க்கிலும் அச்சாயிற்று; இத்தாலியிலும் பரவிற்று. இவ்வளவு பெரிய பிழை அலட்சியத்தால் நிகழ்ந்தது என்பதை நம்புவது கடினமெனினும், வேறு காரணம் இருந்ததாகச் சான்று இல்லை. மார்ச் 12ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், பலேர்மோவின் மரீனாச் சதுக்கத்தில், கரிபால்டி பூங்காவின் இரும்பு வேலியருகே அவர் சுடப்பட்டு இறந்தார். அவருடைய கைத்துப்பாக்கி விடுதி அறையில் இருந்தது.

ஐயம் வீத்தோ காஷியோ ஃபெர்ரோ என்னும் மாபியாத் தலைவன்மேல் விழுந்தது. அவன் நியூயோர்க்கில் மொரெல்லோவின் கூட்டத்தோடு பழகியவன்; பீப்பாய்க் கொலைக்குப் பின்னர் அமெரிக்காவை விட்டு நீங்கியவன். அரசியற் செல்வாக்குள்ள ஒருவர், அவன் அன்றிரவு தம்மோடு இருந்தான் என்றார். அவ்வளவில் வழக்கு முடிந்தது. நியூயோர்க்கில் ஏப்பிரில் மாதம் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். கடைகளை மூடிவிட்டு வந்து நின்றோரிற் பெரும்பாலோர் இத்தாலியர். 105 ஆண்டு கழிந்து, 2014ஆம் ஆண்டிலே, வேறொரு வழக்குக்காகப் பலேர்மோப் பொலிசார் ஒட்டுக்கேட்டபோது, பெத்ரோசினோவைக் கொன்றவன் தன் தந்தையின் மாமனே என்று ஓர் இளைஞன் பெருமையாகச் சொன்னது பதிவாகியது.

மொரெல்லோவை வீழ்த்தியது கொலைவழக்கன்று. ஹட்சன் ஆற்றங்கரையிலே ஹைலண்ட் என்னும் சிற்றூருக்கு அருகில், ஒதுக்குப்புறமான வீடொன்றில், இரண்டு டொலர் நோட்டுக்களும் கனடாவின் ஐந்து டொலர் நோட்டுக்களும் இரகசியமாக அச்சடிக்கப்பட்டன. அச்சடித்தவன் அந்தோனியோ கொமீத்தோ என்னும் கலாபிரியா நாட்டு அச்சுத் தொழிலாளி. வேலை தருவதாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, ஏறக்குறையக் கைதியாக வைக்கப்பட்டவன். சிசிலியனுமல்லன், உறவினனுமல்லன். ஃபிளினின் உத்தியோகத்தர் அவனைக் கண்டுபிடித்தபோது, அவன் நடந்ததனைத்தையும் சொன்னான். மொரெல்லோ அஞ்சியதுபோலவே, குடும்பத்துக்கு வெளியே நின்றவனின் வாயே திறந்தது. 1910 பெப்ருவரியில் லூப்போவுக்கு 30 ஆண்டும், மொரெல்லோவுக்கு 25 ஆண்டும் சிறைத்தண்டனை கிடைத்தன.

மொரெல்லோவின் வீட்டைச் சோதித்தபோது கடிதக் கட்டொன்று அகப்பட்டது. நியூ ஓர்லியன்ஸ், சிக்காகோ முதலிய தூர நகரங்களில் இருந்தவர்களோடு அவன் நடத்திய தொடர்பு அவற்றில் வெளிப்பட்டது. ஓர் ஊரில் உறுப்பினனாயிருந்தவன் இன்னோர் ஊருக்குக் குடிபெயரும்போது, அவனை அங்குள்ளவர்கள் ஏற்பதா, அவனுக்காகப் பிணை நிற்பவர் யார் என்பன போன்ற பேச்சே அவற்றிற் காணப்பட்டது. மாபியா நகரத்துக்கு நகரம் பரவிய விதத்தை இக்கடிதங்களினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. வேலை தேடியும் உறவினரைத் தேடியும் வழக்குக்கு அஞ்சியும் சிசிலியர் ஊர்கள் தோறும் சென்றனர். அவர்களோடு சேர்ந்து சென்ற சிலர், சென்ற இடத்தில் தம் பழைய உறவைப் புதுப்பித்துக்கொண்டனர். அனுப்பியவர் எவருமில்லை. ஆனால், சென்றவனை அறிமுகம் செய்துவைக்க ஒருவன் இருந்தான்.

அண்ணன் சிறையிலிருந்த பத்தாண்டில், கிழக்கு ஹார்லெம் தெரனோவா சகோதரர் கையில் இருந்தது. 1916 செப்ரெம்பரில், சமாதானம் பேச அழைத்த புரூக்ளின் நேப்பிள்ஸ்காரர்கள் நிக்கோலோவைச் சுட்டுக் கொன்றனர். பின்னர், அவர்களுள் ஒருவனே அரசாங்கச் சாட்சியானதால் அக்கூட்டம் அழிந்தது. 1920இல் மொரெல்லோ வெளிவந்தபோது, உலகம் மாறியிருந்தது. அவ்வாண்டு சனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. முன்னர் ஏழை இத்தாலியனின் சட்டைப்பையில் இருந்த சில டொலருக்காக நடந்த தொழில், இப்போது நாடே வாங்க ஆயத்தமாயிருந்த சரக்கை விற்கும் தொழிலாயிற்று. இலாபம் பெருகியது, பகையும் பெருகியது. 1922 மே மாதம் வின்சென்சோ வீதியிற் கொல்லப்பட்டான். தலைமை ஜோ மசேரியா என்பவனிடம் சென்றது. மொரெல்லோ அவனுக்கு ஆலோசகனாகி உயிரைக் காத்துக்கொண்டான். அது நெடுநாள் நீடிக்கவில்லை. முசோலினி அனுப்பிய சேசரே மோரி என்னும் அதிகாரி 1925 முதல் சிசிலி மாபியாவை ஒடுக்கியபோது, பலர் அமெரிக்காவுக்கு ஓடிவந்தனர். கஸ்தெல்லம்மாரே என்னும் கரையோர ஊரார் சல்வத்தோரே மரன்சானோவின்கீழ்த் திரண்டு மசேரியாவை எதிர்த்தனர். அப்போரில் 1930 ஓகஸ்து 15ஆம் திகதி, கிழக்கு ஹார்லெமில் தன் அலுவலகத்திலிருந்த மொரெல்லோ கொல்லப்பட்டான். கொர்லெயோனேயை விட்டு வந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சகோதரரில் எஞ்சியவன் சீரோ தெரனோவா. அவனை நியூயோர்க் 'ஆர்ட்டிசோக் அரசன்' என்று அழைத்தது. ஆர்ட்டிசோக் என்பது இத்தாலியர் மிக விரும்பி உண்ணும் ஒருவகைப் பூமொட்டுக் காய்கறி. கலிபோர்னியாவிலிருந்து பெட்டி பெட்டியாக இரயிலில் வருவது. வரும் பெட்டிகள் அனைத்தையும் தானே வாங்கி, தான் வைத்த விலைக்கே சந்தை வியாபாரிகள் எடுக்கும்படி செய்தான் சீரோ. நகைப்புக்குரிய சரக்குப் போலத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை உணவிலும் ஓரிரு சதத்தை அவனுக்குக் கப்பமாகக் கொடுத்தவர்கள் ஏழை இத்தாலியக் குடும்பத்தவர். 1935 டிசெம்பரில் ஒருநாள் விடியற்காலை, நகரபிதா லாகார்டியா புரொங்ஸ் சந்தைக்கு வந்து, ஊதுகுழல் முழங்க, ஆர்ட்டிசோக் விற்பதற்கே தடை விதித்தார். இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த லாகார்டியாவுக்கும் அக்காய்கறி பிரியமானது. சில நாளில் தடை நீங்கியது, விலையும் இறங்கியது. சீரோ நியூயோர்க் எல்லைக்குள் கால்வைத்தாற் கைது செய்யும்படி பொலிசாருக்கு உத்தரவாயிற்று. 1938இல் அவன் வறியவனாய், பாரிசவாதத்தால் இறந்தான்.

குடும்பம் என்னும் சொல்லுக்கு அதற்குள் வேறு பொருள் வந்துவிட்டது. 1931இலே மசேரியாவும் மரன்சானோவும் சில மாத இடைவெளியிற் கொல்லப்பட்டனர். அதன்பின் நியூயோர்க்கின் ஐந்து கூட்டங்களும் 'குடும்பங்கள்' எனவே அழைக்கப்பட்டன. ஆனால், அவற்றை இணைத்தது இரத்த உறவன்று. மொரெல்லோ தொடக்கிய கூட்டத்தின் தலைமை சாள்ஸ் லூசியானோவுக்கு வந்தது. அவன் பிறந்த ஊர் லெர்க்காரா ஃபிரித்தி, கொர்லெயோனேயன்று. அவனுக்குப் பின் வந்த பிராங்க் கொஸ்தெல்லோ சிசிலியனே அல்லன்; கலாபிரியாவிற் பிறந்தவன். அடுத்தவனான வீத்தோ ஜெனோவேசே நேப்பிள்ஸ் பக்கத்தவன். தாயாதிகளை மாத்திரம் நம்பிய பழைய விதி தளர்ந்தபின்னரே, கூட்டம் உண்மையில் ஊர் ஊராகப் பரவும் ஆற்றல் பெற்றது.

அப்பரவலுக்கும் சில வேளைகளில் அரசாங்கமே வழிசெய்தது. 1934இல் லாகார்டியா கொஸ்தெல்லோவின் சூதாட்டப் பொறிகளைச் சம்மட்டியால் உடைத்து நீரில் எறிந்தார். எஞ்சிய பொறிகளை என்ன செய்வது? லூயிசியானாவின் அரசியற் தலைவர் ஹியூயி லோங் அவற்றைத் தம் மாநிலத்துக்குக் கொண்டுவரும்படி தம்மைக் கேட்டார் என்று கொஸ்தெல்லோ பிற்காலத்திற் சாட்சியமளித்தான். நியூயோர்க்கிலிருந்து துரத்தப்பட்ட பொறிகள் நியூ ஓர்லியன்சிலே காசு விழுங்கத் தொடங்கின. நாற்பது ஆண்டுக்கு முன்னர் மொரெல்லோவின் குடும்பம் கரும்பு வெட்டிய மாநிலம் அது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிறிங்பீல்ட் நகரிலும், நியூ ஜேர்சியிலும் கூட்டத்தின் கிளைகள் அமைந்தன.

1957 மே 2ஆம் திகதி இரவு, கொஸ்தெல்லோ தன் வீட்டு வாயிலில் தலையிற் சுடப்பட்டு, தோலளவு காயத்தோடு தப்பினான். வைத்தியசாலையில் அவன் சட்டைப்பையைச் சோதித்த பொலிசார் ஒரு துண்டுக் கடதாசியைக் கண்டனர். அதில் 651,284 டொலர் என்று ஒரு தொகை எழுதப்பட்டிருந்தது. 2,000 மைலுக்கு அப்பால், நெவாடாப் பாலைவனத்து லாஸ் வேகாஸ் நகரில், அவ்வாண்டு ஏப்பிரிலே திறக்கப்பட்ட திறொப்பிக்கானாச் சூதாட்ட விடுதியின் வருமானக் கணக்கோடு அத்தொகை சதம் பிசகாமற் பொருந்தியது. கடதாசியைப் பற்றிக் கேட்டபோது கொஸ்தெல்லோ பதில் சொல்ல மறுத்தான். அதற்காகச் சிலநாள் சிறையிலும் இருந்தான். சுட்டவனென்று நிறுத்தப்பட்ட இளைஞனை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிரே காட்டியபோது, தன்னைச் சுட்டவனைத் தனக்குத் தெரியாது என்றான்.